கிழக்கு அறையின் ஈரம்

சனிக்கிழமைகளில் வீடு பார்க்க வருபவர்களோடு உரிமையாளர்கள் உள்ளே போகக்கூடாது. வீடே தன்னைப் பற்றிச் சொல்லும். விற்பவர்கள் வாசலில் நின்று கேட்கலாம், வாய் திறக்கக்கூடாது. எல்லோருக்கும் பழகிப்போன நடைமுறைதான்.

சாருமதியும் கோகுலனும் கேட்டின் இரு பக்கமும் நின்றிருந்தார்கள். வீடு விற்றால்தான் விவாகரத்து முடியும். தன் பங்கு கைக்கு வந்தால், தோழி வீட்டு ஹாலில் படுப்பதை விட்டுவிட்டுத் தனக்கென்று ஓர் இடம் பார்க்கலாம் என்று காத்திருந்தாள் அவள்.

உள்ளே வீட்டில் பொருத்தப்பட்ட செயற்கை அறிவான இல்லறிவு பேசிக்கொண்டிருந்தது. பலரும் அதை ஹோம்மைண்ட் என்றே அழைத்தார்கள்.

"கிழக்கு அறையின் சுவரில் மழைக்காலத்தில் ஈரம் ஏறும். குழந்தையைப் படுக்கவைக்க ஏற்றதல்ல."

பார்க்க வந்த கர்ப்பிணிப் பெண் சுவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். அவளும் கணவனும் மற்ற அறைகளைப் பார்க்காமலே கிளம்பினார்கள்.

"இந்த பார்ட்டியும் ஓடுது மேடம்," என்றார் தரகர் ரொசாரியோ.

"அந்தச் சுவர்ல ஒரு நாளும் ஈரம் வந்ததில்லண்ணா. பொய் சொல்லுது!"

"வீடு பொய் சொல்லாது மேடம். ஆனா தொட்டுப் பார்க்க அதுக்கு என்ன கையா இருக்கு? குடியிருக்கறவங்க சொல்றத நம்பும், அவ்ளோதான். நீங்க எப்போ வெளிய போனீங்க?"

"மாசியில."

"சரியாப் போச்சு. அதுலேர்ந்து அது காதுல ஒரே குரல்தான் விழுந்திருக்கு. விக்கற வரைக்கும் வீட்ட விட்டு நகரக்கூடாதுன்னு யாருமே சொல்லலையா?"

சொல்லவில்லை. சண்டை வேண்டாம், கௌரவமாகப் பிரிவோம், நீ முதலில் போ என்று சொன்னவன் கோகுலன். அவள் பெட்டியை ஆட்டோவரை தூக்கி வந்தவனும் அவனே. அன்று அவள் அவனுக்கு நன்றி சொல்லியிருந்தாள்.

அவன் அருகில் வந்தான். "டென்ஷன் ஆகாத சாரு. யாரும் வாங்கலேன்னா நானே எடுத்துக்கறேன். வெலதான் கொஞ்சம் கொறையும். உனக்கு அலைச்சல் மிச்சம்."

"எப்போ சொல்லிக்கொடுத்த? பல்லு விளக்கும்போதா, சாப்பிடும்போதா?"

"வீட்ட விட்டுப் போனது நீதான்."

அவள் உள்ளே நடந்தாள். "என்னத் தெரியுதா?"

"சாருமதி. முன்பு குடியிருந்தவர்," என்றது இல்லறிவு.

"என்னப் பத்தி அவரு என்ன சொன்னாரு?"

"இந்த வீடு உங்களுக்கு ஒருபோதும் பிடித்ததில்லை என்றார். வருகிறவர்கள் கேட்டால் அதையும் சொல்கிறேன்."

சமையலறை ஜன்னலை மரத்தைப் பார்க்கத் திருப்பி வைக்கச் சொல்லிக் கொத்தனாரோடு சண்டை போட்டவள் அவள். சற்று நேரம் அந்த ஜன்னலருகே நின்றாள். பிறகு தோழியை அழைத்து, தன் பெட்டியை அனுப்பச் சொன்னாள்.

பின்னாலேயே உள்ளே வந்திருந்த கோகுலனின் முகம் மாறியது. "இங்கயா? என்கூடவா?"

"இங்கதான். இனிமே அது ரெண்டு பேர் சொல்றதையும் கேட்கட்டும்."

"மீண்டும் குடியேறுகிறீர்களா?" என்று கேட்டது இல்லறிவு. "நல்லது. சொல்லுங்கள்."

"கிழக்குச் சுவர் காஞ்சிருக்கு."

"ஏற்றுக்கொண்டேன். வேறு?"

கோகுலன் செருப்பைக் கழற்றிவிட்டு சோபாவில் சாய்ந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இனி எத்தனை மாதமோ, இதே முகத்தோடு.

"எனக்கு இந்த வீடு ரொம்பப் பிடிக்கும்," என்றாள்.

இல்லறிவு உடனே நம்பியது. அவள் சொன்னது இன்று காலை வரைதான் உண்மை என்பது அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது.