தூணுக்கு வசனம் இல்லை

நாடகத்தில் அவளுக்குத் தூண் வேடம். வகுப்பிலேயே உயரமானவள் என்பதால் எல்லோரும் அவளைக் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். "கொக்கு இருக்கும்போது தூணுக்கு வேற எங்க போய்த் தேடுறது?" என்று நாடகம் எழுதிய சிஸ்டரே சொல்லிவிட்டார்.

பள்ளியை ஒட்டியிருந்த பழைய மாதா ஆலயத்துக்கு அந்த ஆண்டு இருநூறு வயது. அதன் வரலாறுதான் நாடகம். ஆலயத்துக்குள்ளேயே மேடை.

சாம்பல் நிற அட்டைக்குள் புகுந்து, இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் ஒரு பலகை வளைவைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நிற்க வேண்டும். மூன்று வார ஒத்திகையில் கொக்குக்குத் தோள்பட்டை இரண்டும் விட்டுப்போயின. தலை வாரக்கூடக் கை எழும்பவில்லை.

"உனக்கென்ன, சும்மா நிக்கிற வேலைதானே!" என்றான் ரேடியோ. வாய் ஓயாதவன் என்பதால் அந்தப் பெயர். அவன்தான் வெள்ளக்காலத்துப் பாதிரியார்.

"சும்மா நின்னு பாரு, அப்பத் தெரியும்."

நாடகத்தன்று காலையிலும் இரண்டு முறை ஒத்திகை. சிஸ்டருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கையை ஆட்டித்தான் திட்டினார்.

மாலை நான்கு மணிக்கு ஆலயம் நிரம்பி வழிந்தது. மேடையில் முதல் மர ஆலயம் தீயில் எரிந்தது. கல் ஆலயம் எழுந்தது. பிறகு வெள்ளம் வந்தது. இரண்டு பேர் நீலத் துணியை ஆட்ட, வெள்ளை அங்கியில் ரேடியோ நடுவே வந்தான். கூட்டத்தைப் பார்த்தான். வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

'நாடகம் இதோட நின்னுட்டா கையைக் கீழே போடலாம்!' கொக்குக்கு அந்த நினைப்பே சுகமாக இருந்தது.

ஆனால் ரேடியோவின் முகவாய் நடுங்குவது அவளுக்குத் தெரிந்தது. அவன் வசனம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். அதை அவளே சொல்லிவிட்டால் நாளைக்கு அவனைப் பள்ளியே கேலி செய்யுமே!

"ஃபாதர்!" என்றது தூண்.

ரேடியோ திடுக்கிட்டுத் திரும்பினான்.

"நான்தான், தூண் பேசுறேன். வெள்ளத் தண்ணி என் தோள் வரைக்கும் வந்துச்சு. அந்தக் கோடு இன்னும் என் மேல இருக்கு."

எல்லோரும் ஆலயத்தின் கல் தூணைப் பார்த்தார்கள். ஆமாம், தோள் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு!

"தெருவுல ஜனங்க தத்தளிச்சாங்களே, அப்ப வாசல்ல போய் எதையோ கழட்டினீங்களே ஃபாதர்?"

ரேடியோவின் கண் விரிந்தது. "கதவை! வாசக்கதவு ரெண்டையும் கழட்டித் தெப்பமாக்கினேன்! எழுபது பேரை ஏத்திட்டு வந்தேன்! ஒரு கதவை வெள்ளம் கொண்டுபோயிடுச்சு, அதுக்குப் பதிலா புதுசு செஞ்சு மாட்டினோம். அதனாலதான் இன்னிக்கும் ஒரு கதவு கறுப்பு, ஒரு கதவு வெளுப்பு!"

அப்புறம் ரேடியோவை நிறுத்தத்தான் முடியவில்லை. கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று.

"தூணுக்கு வசனமே எழுதலையேம்மா?" என்றார் சிஸ்டர், காற்றாய்ப் போன குரலில்.

"இத்தனை வருஷமா நிக்குது சிஸ்டர், ஒரு வார்த்தை பேசக்கூடாதா?"

ரேடியோ அவளுடைய அட்டையைத் தானே மடித்துத் தூக்கிக்கொண்டான்.

வேலை முடிந்து அவசரமாக வந்த அம்மா, மகளை ஆலயமெங்கும் தேடினாள். அன்று முழுக்க வளைவைத் தாங்கிய தூண், கல் தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.