ரீங்காரம்

அணைத்து வைத்திருந்த பெட்டி நளினியின் விரலைக் கடித்தது.

கடி என்று முழுசாகச் சொல்லவும் முடியாது. கறுப்பு ஆம்ப்ளிஃபையரின் மேல் படிந்திருந்த பனி ஈரத்தைப் பழைய துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். வெறுங்கால், சிமெண்டுத் தரை. நடுவிரல் இரும்பு மூடியில் உரசியதும், தோலுக்கடியில் எறும்புச் சாரை ஒன்று முழங்கை வரை ஓடித் திரும்பியது. கையை இழுத்துக்கொண்டு பார்த்தாள். சிவப்பு விளக்கு எரியவில்லை. ஆனால் பெட்டிக்குள் ஏதோ ஒன்று, தூக்கத்தில் புரளுகிறவரைப் போல, மெல்ல முனகியது.

"என்னங்க, இது கரண்டு அடிக்குது."

"ஜில்லுனு இருக்குலா, அதான். இந்தப் பனியில எதத் தொட்டாலும் அப்படித்தான்" என்றான் குகனேஸ்வரன். தோட்டத்து லாரி ஓட்டுகிறவன். தானா ராத்தா டவுனில் மூடிப்போன ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து இந்தக் கராவோக்கே செட்டைத் தன் லாரியிலேயே ஏற்றி வந்திருந்தான். தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஓப்பன் ஹவுஸ், எல்லாரையும் கூப்பிட்டு விருந்து. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து ஆட்கள் எல்லாரும் வருவார்கள்.

பெட்டியின் பிளக்குக்கு இரண்டு கால், சுவரில் மூன்று ஓட்டை. மேல் ஓட்டையில் பேனாக் குழலைக் குத்தி, மற்ற இரண்டின் உள்மூடியையும் திறக்க வைத்துப் பிளக்கைச் சொருகியிருந்தான். லயத்தில் பாதி வீட்டில் இப்படித்தான் சொருகுகிறார்கள். சொருகிய அன்று வாசலுக்கு மேலிருந்த மெயின் பெட்டியில் சுவிட்சுக் கட்டை தானாக விழுந்து வீடு இருண்டது. தூக்கிவிட்டான், விழுந்தது. மறுபடி தூக்கினான், மறுபடி விழுந்தது. எரிச்சலாகி, அந்தக் கட்டையைத் தாண்டி ஒரு வயரைக் கொடுத்துவிட்டான். அப்புறம் விழவில்லை.

"பாத்தியா? சரியாயிடுச்சி."

அவன் லாரியெடுத்துப் போனதும், பிரிஞ்சாங்கில் ரேடியோ, டிவி ரிப்பேர் செய்யும் ஸுல்கிஃப்லிக்கு நளினி போன் போட்டாள். கட்டை விழுந்ததையும் வயர் கொடுத்ததையும் சொன்னாள்.

"தங்கச்சி, அந்தக் கட்ட விழுந்ததே ஒங்கள காப்பாத்தத்தான். பிளக்கப் புடுங்கி வைங்க. செவ்வாக்கெழம வந்து எர்த்து போட்டுத் தர்றேன். அதுவரைக்கும் மைக்க வெறுங்கால்ல புடிச்சிராதீங்க, என்ன?"

பிடுங்கி வைத்தாள். சாயங்காலம் குகன் திரும்பச் சொருகினான்.

தேயிலை மேட்டிலிருந்து தினமும் மத்தியானத்துக்கு மேல் பனி இறங்கிக் கதவிடுக்கு வழியாக வீட்டுக்குள் வரும். சுவர் வியர்க்கும். ஃபாக்டரியில் இலை வாடும் பச்சை மணமும் நனைந்த கம்பளி நாற்றமும் கூடத்தில் தேங்கி நிற்கும். அந்த நேரத்தில்தான் பெட்டியின் முனகல் தடித்தது. அடுப்படியில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தவளின் முதுகுக்குப் பின்னால், வாய் திறக்காமல் ஒருவர் ராகம் பிடித்துப் பார்ப்பதுபோல அது ஒரே ஸ்வரத்தில் இழுத்தது. அவள் பக்கத்தில் நடந்தால் கொஞ்சம் அடங்கியது. யார் வருகிறார்கள் என்று கவனிக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு ஒருமுறை விரல் நுனியால் மைக்கைத் தொட்டுப் பார்த்தாள். எறும்பு வரவில்லை. அந்த ஒரு ஜோடிச் செருப்பைக் கதவுக்குப் பின்னால் எடுத்து வைத்தாள்.

மாமியார் சாரதாவிடமும் சொன்னாள். "அத்தை, செவ்வாக்கெழமைக்கு அப்புறம் பாடுறேனே."

"பொண்ணு பாக்க வந்தப்ப ஒங்கம்மா என்னா சொன்னாங்க? எம் மக நல்லா பாடுவான்னு. நானும் லயம் பூரா சொல்லி வச்சிட்டேன். இப்ப கரண்டு அடிக்குதாம். பாடத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு."

ஞாயிறு காலையிலிருந்து மழை. வந்தவர்களெல்லாம் செருப்பை வாசலில் விட்டாலும், காலோடு செம்மண் உள்ளே வந்தது. சாரதா ஈரத்துணியைப் போட்டு இழுத்துக்கொண்டே இருந்தாள். தரை காயவேயில்லை. குகன் சோபாவில் சம்மணம் போட்டபடி மைக்கை எடுத்து, "ஹலோ, ஹலோ" என்று பார்த்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் தரையில் படவில்லை என்பதை நளினி மட்டும் பார்த்தாள்.

"மொதப் பாட்டு மருமகதான்" என்றார் அடுத்த வீட்டுப் பக்கிரிசாமி, கறி எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தபடி.

நளினி கதவுப் பக்கம் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். சிரிப்பு எழுந்தது.

"பாட்டுக்காரங்கன்னா அப்படித்தான்லா. ஸ்டைலு!"

சாரதா சிரிக்கவில்லை. "சாமி வெளக்கு எரியுது. அதுக்கு நேரா செருப்போட நிக்கிற. ஒங்க வீட்ல இதான் பழக்கமா?"

"அத்தை, கரண்டு…"

"கழட்டு" என்றான் குகன், பல்லைக் கடித்துக்கொண்டு. "நாலு பேரு முன்னால மானத்த வாங்காத."

அத்தனை கண்களும் அவள் கால்களில். அவள் கணவனைப் பார்த்தாள். அவன் பெட்டியைப் பார்த்தான். நாத்தனார் புவனேஸ் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, இங்க பாருங்க" என்றாள்.

ஒரு செருப்பைக் கழற்றினாள். இன்னொன்றை.

ஈரம் உள்ளங்காலில் ஒட்டியது. குளிர். முனகல் நின்றுவிட்டதுபோல் இருந்தது. நிற்கவில்லை. தாழ்ந்திருந்தது. காத்திருந்தது. இரண்டு விரலால் மட்டும் பிடிக்கலாம். ஒரு வரி பாடிவிட்டு மேசையில் போட்டுவிடலாம். ஒரே ஒரு வரி.

குகன் சோபாவிலிருந்து இறங்காமலே மைக்கை அவள் கைக்குள் திணித்தான்.

விரல்கள் மூடிக்கொண்டன. அவள் மூடவில்லை.

விடு.

கை விடவில்லை. தோள் இறுகியது. தாடை இறுகியது. நெஞ்சுக்குள் போன மூச்சு அங்கேயே நின்றது. கத்தினாள். சத்தம் வரவில்லை. அவளுக்குப் பதில் ஸ்பீக்கர் திறந்தது. ம்ம்ம்ம் என்று அடியிலிருந்து கிளம்பி, தடித்து, கண்ணாடி ஜன்னல் அதிர, ஒரே ஸ்வரம்.

"ஹம்மிங் போடுது பாரு புள்ள!" பக்கிரிசாமி கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார்.

விடு. விடு. யாராவது.

"என்னா மூச்சுடா சாமி! நிறுத்தவே மாட்டேங்குது!"

கைதட்டல். விசில். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முதன்முறையாக சாரதா அவளைப் பார்த்துச் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்து, "எம் மருமக" என்றாள்.

புவனேஸ் படம் நன்றாக வந்திருக்கிறது என்று காட்ட, கைபேசியை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். சின்னத் திரைக்குள் நளினி நின்றாள். வாய் பாதி திறந்து, கண் மேலே செருகி, உருகிப் பாடுகிறவளைப் போல. மிக அழகாக இருந்தாள்.

"இன்னும் சத்தமா வைடா!" என்றார் யாரோ.

குகன் குனிந்து குமிழைக் கடைசி வரை திருகினான்.