கட்டியக்காவின் கண்ணாடித் தட்டுகள்

மத்தியானம் இன்குபேட்டரைத் திறந்ததும் கட்டியக்காவுக்கு உறுத்தியது, நாயும் கிளியும் மீனும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்ததுதான்.

முழு உருப்படிகள் அல்ல. அவற்றின் புற்றுக்கட்டிகளிலிருந்து எடுத்துத் தட்டுகளில் வளர்த்த செல்கள். ஊர்வது, பறப்பது, நீந்துவது எதற்குக் கட்டி வந்தாலும் ஒரு துணுக்கு வாங்கி வந்து மரபணுவைப் படிப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். கொசுவுக்குக் கட்டி வந்தாலும் அதன் வீட்டு வாசலில் போய் நிற்பாள் என்று ஆய்வகமே சிரிக்கும். அவளைவிட மூத்த டெக்னீஷியனுக்கும் அவள் அக்காதான்.

தட்டு முழுக்கப் பரவ வேண்டிய செல்கள், பஸ்ஸுக்கு முண்டியடிக்கும் கூட்டமாக, அவள் நின்ற பக்கத்து விளிம்பில் குவிந்திருந்தன.

"உங்க மேல அவ்ளோ பாசம்க்கா," என்றார் டெக்னீஷியன்.

"வாய மூடிட்டு வேலையப் பாருங்கண்ணே."

குவியல் பின்பக்கம் போகும்படி தட்டுகளைத் திருப்பி வைத்தாள். வெளியே மழை இருட்டு. உள்ளே ஃப்ரிட்ஜ்கள் பெருமூச்சு விட்டன. இன்குபேட்டரின் வெதுவெதுப்பிலிருந்து, கைக்குழந்தையின் கழுத்து மடிப்பில் வருமே, அந்தப் புளித்த பால் வாசனை மூக்கில் ஏறித் தொண்டையில் இறங்கி, அவள் யாரிடமும் சொல்லாத வயிற்றில் போய் உட்கார்ந்தது. இரண்டு முறை கலைந்த கரு, இந்த முறை தங்கியிருந்தது. வாயைத் திறந்தால் இதுவும் போய்விடுமோ என்று பயம்.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாள். மறுபடியும் அவள் பக்கம்.

"அக்கா." டெக்னீஷியனின் குரலில் கிண்டல் இல்லை. "மூணு கட்டியிலயும் ஒரே மரபணு, ஒரே இடத்துல உடைஞ்சிருக்கு. அச்சு அசல்."

"நாய்க்கும் மீனுக்குமா? ஒண்ணோட ஒண்ணு கலந்திருக்கும்ண்ணே."

"கலக்கல. ஒப்பிட்டுப் பாக்க உங்க ரத்தத்ததானே வச்சீங்க?"

ஊசி என்றால் ஊரே ஓடுவதால், சோதிப்பவரே தன் ரத்தத்தைக் கொடுத்துவிடுவது அங்கே வழக்கம்.

"ஆமா."

"அதுல ரெண்டு பேரு இருக்காங்க. உங்களோடதுல உடைவு இல்ல, சுத்தம்." அவர் பார்வை கீழே இறங்கியது. "நீங்க... மாசமா இருக்கீங்களா?"

தாயின் ரத்தத்தில் கருவின் மரபணுத் துணுக்குகள் மிதக்கும். அவளே வகுப்பெடுத்த பாடம்.

"அந்த இன்னொண்ணு?"

அவர் கணினித் திரையைத் திருப்பினார்.

நாய். கிளி. மீன். குழந்தை.

அதே உடைவு.

பின்னால் கண்ணாடி உரசியது. திரும்பினாள். டிக். டிக். தட்டுகள் நகர்ந்து வந்து இன்குபேட்டரின் கதவில் முட்டின.

இன்னும் மேடிடாத வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. உதை இல்லை. இழுப்பு.

கதவு உள்ளிருந்து திறந்தது.

"நகராதீங்கக்கா!"

அவள் நகரவில்லை. கால்கள் நின்ற இடத்தில்தான் நின்றன.

வயிறு மட்டும் முன்னே போனது.