ராணி மாற்றம்

சமையலறையில் பழுத்த வாழைப்பழ வாசனை அடித்தது. வீட்டில் வாழைப்பழமே கிடையாது. இளவரசி அடுப்பை அணைத்துவிட்டுச் சன்னலருகே போனாள். டொக். கண்ணாடியில் ஒரு தேனீ மோதி விழுந்தது. டொக். இன்னொன்று.

தேனீக்குக் கோபம் மூண்டால் வாழைப்பழம் போல மணக்கும் என்று சிதம்பரத்தில் நடந்த மூன்று நாள் தேனீ வளர்ப்புப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவளுடைய தேனீப் பெட்டி இருப்பது தோட்டத்தின் கடைக்கோடியில். இவ்வளவு தூரம் அவளைத் தேடி ஏன் வர வேண்டும்?

பிச்சாவரத்து உப்புக்காற்று நேராக வந்து மோதுகிற வீடு அது. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் தனக்கென்று அவள் வாங்கிய ஒரே பொருள் அந்தப் பெட்டி. சாதுவாக இருந்த கூட்டம், 2009 மாசி பிறந்ததும் மாறிப்போனது. துணி உலர்த்தப் போனால் துரத்தியது. நேற்று, கட்டிப்போட்டிருந்த ஆட்டைக் கொட்டியே கொன்றுவிட்டது.

ஆடு கணவனின் அண்ணன் கோவிந்தசாமியுடையது. அவர் மண்ணெண்ணெய் டின்னோடு வேலிக்கு அப்பால் நின்றார்.

"பொழுது சாயட்டும், கொளுத்திடறேன். வீம்பு ஜாஸ்தியாப் போச்சு உனக்கு."

"வேற ஆடு வாங்கித் தர்றேன் மாமா. பெட்டியத் தொடாதீங்க. ராணிய மாத்துனா அடங்கிடும். நானே மாத்துறேன்."

"அதுங்க உன்னத் தின்னுடும்மா."

"தின்னட்டும், பாக்கலாம்."

பயிற்சி கொடுத்தவர் தந்த புது ராணி, துளையிட்ட தீப்பெட்டிக்குள் இருந்தது. முகவலையை மாட்டிக்கொண்டாள். ராணி விரலுக்குத் தட்டுப்பட வேண்டுமே என்று கையுறையைக் கழற்றினாள். தேங்காய் நார்ப் புகையை முன்னால் ஊதியபடி நடக்க நடக்க, மண்ணுக்கடியில் அரிசி மில் ஓடுவது போன்ற இரைச்சல் காலடி வழியே ஏறி வயிற்றில் அதிர்ந்தது.

மூடியைத் தூக்கினாள். தேனீக்கள் கல்மாரி போல முகவலையில் அடித்தன. கை எரிந்தது. இழுத்துக்கொள்ளவில்லை.

"கொட்டுங்கடி. நான் போவ மாட்டேன்."

ஐந்தாவது தேனடையில் ராணி. நீளமாக, கருப்பாக. வெளிச்சம் பட்டால் ஓட வேண்டியது ஓடவில்லை. இரண்டு விரலால் எடுத்தாள். நசுக்கினாள்.

இரைச்சல் நின்றது. மொத்தமாக.

தீப்பெட்டியைத் திறந்து புது ராணியை விட்டாள். ஒன்றுகூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நசுக்கிய விரலில் ஒரு தேனீ வந்து உட்கார்ந்தது. கொட்டவில்லை. நக்கியது. பிறகு பத்து. பிறகு முழங்கை வரை. எல்லாத் தலைகளும் அவளை நோக்கி.

உதறினாள். விழுந்தவை திரும்ப ஏறின. ஓர் அடி பின்னால் வைத்தாள். பெட்டியே காலியாகி அவள்மேல் வந்தது.

"இளவரசி!" மாமா வேலியைத் தாண்டினார். அவள் உடம்பு முழுக்க இறக்கைகள் ஒரே சமயத்தில் சீறின. டின்னைப் போட்டுவிட்டு அவர் ஓடினார்.

வலையைக் கழற்றப் பார்த்தாள். வரவில்லை. கழுத்தைச் சுற்றி வெதுவெதுப்பாக, பிசுபிசுப்பாக, மெழுகு. வலைக்குள்ளேயும் நடமாட்டம். முகவாயில். கன்னத்தில்.

வேலைக்காரத் தேனீக்கள் வாயோடு வாய் வைத்து ராணிக்கு ஊட்டுவது இப்படித்தான்.

பல்லைக் கடித்து உதட்டை இறுக மூடினாள். திறக்க மாட்டேன். உதட்டின் இடுக்கில் ஒரு தேனீ, பால்போன்ற ஒரு துளியை வைத்துவிட்டு நகர்ந்தது. அதன் பின்னால், கன்னத்தின்மேல், அடுத்தவை வரிசையாக நின்றன.