ஒளிப்பொறி சபையின் மொட்டை மாடி

மனிதகுலத்துக்கு இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: உலகைப் படைத்தவன் உண்மைக் கடவுள் அல்லன், அவனொரு அரைகுறை, உடம்பு அவன் கட்டிய சிறை, உள்ளே அடைபட்ட ஒளிப்பொறிக்கு ரகசிய ஞானம் ஒன்றே விடுதலை. ஏறத்தாழ ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் பரவி, பிறகு சாடிக்குள் புதைந்து கிடந்த இந்த ஞானம், தற்போது புத்தூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால், இரண்டாம் மாடியில், ஞாயிறுதோறும் வழங்கப்படுகிறது. செருப்பை வாசலில் விடவும்.

அந்தக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்துதான் போன திங்கள் மாலை அருள்குமார் விழுந்து செத்தான்.

"குதிச்சிட்டான்னு சொல்றாங்க சார்," என்றாள் அவன் தங்கை ரோஜா. நகரியில் விசைத்தறி ஓட்டுபவள். "'ரகசியம்னு சொல்றதெல்லாம் போன்லயே சும்மா கெடைக்குது, குருவைக் கேட்டுட்டு வரேன்'னு போனான். ஒளியில கலந்துட்டானாம். போலீசும் அப்டியே எழுதிக்கினு போயிட்டாங்க. பல்லு வலிக்கே ஊரைக் கூட்டுறவன் சார் எங்கண்ணன். நெஜமாவே எங்களை விட்டுட்டுப் போவணும்னு நெனச்சானா? அது தெரிஞ்சா போதும்."

ஓய்வுபெற்ற தலைமைக் காவலர் முனிரத்தினம் மெதுவாக எழுந்தார். அவர் மருமகன் தீனா அதற்குள் பைக்கை உதைத்திருந்தான். ரோஜா பஸ்ஸில் வந்து சேர்ந்துகொண்டாள்.

சபையின் குரு ரங்கையா, முன்னாள் கல்லூரி முதல்வர், மே மாத வெயிலில் கழுத்துவரை சால்வை போர்த்தி அமர்ந்திருந்தார்.

"திங்கள் முழுதும் நான் திருப்பதியில் தியானத்தில் இருந்தேன். அருள்குமார் விடுதலை பெற்றான். அழாதே அம்மா," என்று இடது கையால் ரோஜாவுக்குத் தீர்த்தம் நீட்டினார். அவள் பின்வாங்கினாள். "இடம், வலம் எல்லாம் அந்த அரைகுறைக் கடவுள் செய்த பேதம்."

சீடர்கள் மெய்சிலிர்த்தார்கள். முனிரத்தினம் மூக்கைச் சுளித்தார். 'முட்டை உண்போர் உள்ளே வரவேண்டாம்' என்று பலகை மாட்டிய அறையில் முட்டை வாடை.

"என்னா தத்துவம் மாமா!" என்றான் தீனா, வெளியே வந்ததும்.

"தத்துவம் இல்லடா, எலும்பு ஒடஞ்சா போடுற புத்தூர் கட்டு. பச்சிலை, முட்டை வெள்ளை, மூங்கில் பத்தை. கட்ற எடத்துலயே போய்க் கேப்போம் வா."

ஞாயிறு. சபை நிரம்பியிருந்தது, வாசலில் சப்-இன்ஸ்பெக்டர். முனிரத்தினம் பக்தியோடு நெருங்கி, சால்வைக்குள் கைவிட்டு, குருவின் வலது மணிக்கட்டைப் பற்றினார்.

"அய்யோ அம்மா!"

"சிறைக்குத்தானே சாமி வலிக்குது, ஒங்களுக்கு என்ன?" கையை விடாமலே சீடர்கள் பக்கம் திரும்பினார். "திருப்பதியில இருந்தாராம். அங்க இல்லாத ஆஸ்பத்திரியா? ஆனா கை ஒடஞ்சா திருப்பதிக்காரனே பஸ் ஏறி இங்கதான் வர்றான், நம்மூர் ஆளு வேற எங்க போவாரு? திங்கக்கெழம இருட்டறதுக்குள்ள வரிசையில குந்திக்கினு கட்டு போட்டுக்கினாரு. விழுந்து ஒடஞ்சதில்ல, இழுத்து முறுக்குனதுன்னாரு கட்டுனவரு. மேல அஞ்சு நகக்கீறல் இருந்துச்சாம்."

"எல்லோரும் போனில் படித்துவிட்டால் நான் எதற்கு?" என்று அலறினார் ரங்கையா.

ரோஜா முன்னால் வந்தாள். "எங்கண்ணன்?"

"தள்ளுனப்போ இந்தக் கையைப் புடிச்சிக்கினு தொங்கியிருக்கான்மா. எலும்பு ஒடையற வரைக்கும் விடல. போவணும்னு நெனச்சவன் அப்டிப் புடிக்க மாட்டான்."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு மூத்த சிஷ்யை கல்பனா வகுப்பெடுத்தாள். நாற்காலி போதவில்லை.