பட்டினித் திருத்தம்

பொன்னுலிங்கத்தின் கட்டிலுக்கு மேலே நீல விளக்கு மறுபடியும் எரிந்தது. டொரண்டோவிலிருந்து மகன் சண்முகவேல் மறுபடியும் ஓடி வந்தான். கால் செருப்பைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் நுழைந்தவனின் கையில் செவிலி மாரிச்செல்வி பால் கிண்ணத்தைக் கொடுத்தாள். உயிர் பிரியுமுன் பிள்ளை கையால் ஒரு வாய் பால். அதற்காகத்தான் சாவை முன்கூட்டிச் சொல்லும் அந்த விளக்கு.

ஒரு கரண்டி உள்ளே போயிற்று. இரண்டாவதும் போயிற்று. அடுத்ததற்கு வாய் தானாகத் திறந்தது.

"சீனி பத்தலையேலே" என்றார் பொன்னுலிங்கம்.

கிண்ணம் காலியானது. அப்புறம் இட்லி கேட்டார். சாயங்காலம் விளக்கு அணைந்துவிட்டது.

"ஏமாத்துதாரு, சிஸ்டர்" என்றான் சண்முகவேல் வராந்தாவில். "போன தடவையும் இதே கதைதான். நான் வந்ததும் எந்திச்சு உக்காந்துக்கிடுதாரு. எனக்கு லீவு யாரு தருவா?"

மாரிச்செல்விக்கு எல்லாம் தெரியும். கிழவர் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். "நான் விசில் ஊதினாத்தான்ட்டி அவன் வண்டி இந்தப் பக்கம் திரும்புது" என்று அவளிடம் கண்ணடித்திருந்தார். சோற்றைத் தள்ளினால் உடம்பு வாடும். வாடினால் விளக்கு எரியும். எரிந்தால் பிள்ளை வருவான். கெஞ்சிப் பார்த்தும் கேட்காத கிழவரை அவள் காட்டிக்கொடுக்கவில்லை.

தென்காசிக்கு வெளியே இருந்த அந்த முதியோர் இல்லத்துக்கு விடைமானி என்ற அந்தக் கருவி வந்தபோது அதிகம் சந்தோஷப்பட்டவளே அவள்தான். மணிக்கட்டில் கட்டிய பட்டை மூச்சு, இரத்த ஓட்டம், உறக்கம், உணவு எல்லாவற்றையும் ஓயாமல் அளந்து, சாவு நெருங்கினால் கட்டிலுக்கு மேலே நீல விளக்கை எரிய வைக்கும். ஊசி, குழாய் என்று வதைப்பதை நிறுத்தலாம். வலி மருந்துப் பெட்டி தானாகத் திறக்கும். பிள்ளைகளுக்குச் செய்தி பறக்கும். அதற்கு முன்பெல்லாம் இதை ஊகித்துச் சொல்ல வேண்டியவர்கள் செவிலியர்கள். ஊகம் தப்பினால் வசவு வாங்கியவர்களும் அவர்களே. ஊழியர்களின் சுமையைக் குறைக்கும் என்றார்கள், ஒரு மலச்சட்டியைக்கூடத் தூக்கியறியாதவர்கள். குறைக்கத்தான் செய்தது. கூடவே வாயையும் அடைத்தது. விளக்கு எரியாமல் எந்த ஊழியரும் சாவு என்ற பேச்சையே எடுக்கக்கூடாது; எடுத்தால் வேலை போய்விடும்.

சண்முகவேல் விடைமானியைச் செய்த நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினான். அவனைப் போல் எத்தனையோ பேர் அனுப்பியிருந்தார்கள். எல்லா இல்லங்களிலும் கிழடுகள் இதே வித்தையைக் கண்டுபிடித்திருந்தன. நிறுவனம் கருவியைத் திருத்தியது. தானாக உணவை மறுப்பவருக்கு இனி விளக்கு எரியாது. பட்டினித் திருத்தம் என்று அதற்குப் பெயர்.

"சாகப் போறவங்க எல்லாருமே சோத்தைத் தள்ளத்தான மேடம் செய்வாங்க?" என்று மேலாளர் ஹெப்சிபாவிடம் கேட்டாள் மாரிச்செல்வி. "உடம்புக்கு அதுக்கு மேல எதுவும் வேண்டாம். அதையே பொய்யின்னு சொன்னா விளக்கு யாருக்குத்தான் எரியும்?"

"எழுதியிருக்கேன்மா."

"என்ன சொன்னாங்க?"

"பொய் அழைப்பு சுத்தமா நின்னுட்டாம். நமக்கு வாழ்த்து வந்திருக்கு."

மழைக்காலத்தில் பொன்னுலிங்கம் மறுபடியும் கரண்டியைத் தள்ளினார்.

"தாத்தா, இந்த நாடகம் இனிமே செல்லாது. வாயத் தொறங்க."

"நாடகம் இல்லட்டி. உள்ள எறங்க மாட்டேங்கு."

போர்வையை விலக்கிப் பார்த்தாள். பாதங்கள் சில்லிட்டிருந்தன. முழங்காலில் ஊதாத் திட்டுகள். மூச்சு நின்று நின்று வந்தது. தலைக்கு மேலே விளக்கு செத்த கண்ணாடியாக இருந்தது. மருந்துப் பெட்டியை இழுத்தாள், குத்தினாள், காலால் உதைத்தாள். திறக்கவில்லை. கிழவர் முனகினார்.

"வேலு கெளம்பிட்டானா?"

"கெளம்பிட்டாரு தாத்தா."

வெளியே ஓடி வந்து, தடையை மீறி, தன் சொந்த போனிலிருந்தே டொரண்டோவுக்கு அழைத்தாள்.

"விளக்கு எரியலையே, சிஸ்டர்?"

"விளக்க விடுங்க சார். நான் சொல்லுதேன். என் கண்ணால பாத்துட்டுச் சொல்லுதேன்."

அவன் சிரித்தான். "உங்களையும் கைக்குள்ள போட்டுட்டாரா? பலே ஆளு எங்கப்பா. சாப்பிடச் சொல்லுங்க, பொங்கலுக்கு வாரேன்."

"சார், பொங்கல் வரைக்கும்..."

இணைப்பு அறுந்திருந்தது. மறுபடி அடித்தாள். அவன் எடுக்கவில்லை.

உள்ளே வந்து கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாலு வருடம் படித்த படிப்பில், பூட்டிய பெட்டிக்கு வெளியே உட்கார்ந்திருப்பவள் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தாள். வலிக்குது, வலிக்குது என்றவர் அப்புறம் அதையும் சொல்லவில்லை. ஒரு மூச்சு போயிற்று. அடுத்தது வரவில்லை.

செய்தியைச் சொல்ல ஹெப்சிபாதான் அழைத்தாள்.  ஒலிபெருக்கியில் சண்முகவேலின் குரல் உடைந்து கத்தியது.

"விளக்கு எரியாம மனுசன் எப்படிச் சாவான்? என்ன பண்ணீங்க எங்கப்பாவை?"

நிறுவனத்திலிருந்தும் அதே கேள்விதான் வந்தது. அவர்கள் கணக்கில் பொன்னுலிங்கம் சாகிற நிலையிலேயே இல்லை. அப்படியென்றால் யாரோ அவருக்கு ஏதோ செய்திருக்க வேண்டும்.

ஹெப்சிபா போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். மாரிச்செல்வியின் முகத்தைப் பார்க்காமல், மெதுவாகக் கேட்டாள்.

"கடைசியா அவருக்குச் சோறு ஊட்டினது யாரும்மா?"