பேர் எழுதாத ஆள்

வன்னியபெருமாளின் செருப்பு காணாமல் போனது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை அவருடைய கட்டில். கரிசல் காட்டிலிருந்து வந்த சுடுகாற்றில் பருத்திமார் வாடையும் ஆட்டுப்புழுக்கை வாடையும் எப்போதும்போல வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்க, கட்டில் கிடந்த இடத்தில் ஒரு கால்தடம்கூட இல்லாமல் சிமெண்டுத் தரை பளபளவென்று கிடந்தது. அவருடைய பீடி வாடை மட்டும் எங்கேயும் இல்லை.

"என் கட்டிலை யாருக்குத் தூக்கிக் குடுத்த?"

அவர் மனைவி வள்ளித்தாய் சுளகில் புடைத்துக்கொண்டே, "எந்தக் கட்டிலு?" என்றாள். அவள் விளையாட்டுப் பேச்சுப் பேசுகிறவள் இல்லை.

போன வாரம் மகள் முத்துசெல்வி சென்னையிலிருந்து வந்து ஒரு பெட்டியைச் சுவரில் மாட்டிவிட்டுப் போயிருந்தாள். கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரைத் தயார் பண்ணிக் கொடுப்பது அவள் வேலை.

"எங்க ஆபீஸ் முறைப்பா. என்னென்ன இருக்கணும்னு ஒரு பட்டியல் எழுதிருவோம். தெனமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அது எல்லாத்தையும் அழிச்சிட்டு, பட்டியலைப் பாத்துப் புதுசா உண்டாக்கிரும். எழுதாதது வராது. இங்க லைட்டு, மோட்டாருக்கு அதே மாதிரி வச்சிருக்கேன். ஆளுவ பேரையும் சொல்லுங்க."

"எம்பேரை எழுதாத ஏட்டி. நாளைக்கு எவனாவது நெலத்தை எழுதி வாங்கிருவான்."

அவள் சிரித்தாள். வீட்டில் ரெண்டு ஆள் என்று போட்டு, அம்மா பேரை எழுதி, அடுத்த இடத்தைக் காலியாக விட்டாள். "பிறவு வேணும்னா அம்மா பெட்டிகிட்டச் சொல்லட்டும். அம்மா குரலுக்குத்தான் அது கேக்கும்."

புதன்கிழமை ஆடுகள் அவரைக் கண்டு மிரண்டு ஓடின. வியாழக்கிழமை பார்த்தால் இடது கையில் அரிவாள் பட்ட தழும்பைக் காணோம். மகளுக்குப் போன் போட்டார்.

"யாரு பேசுதது?" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அஞ்சு நிமிசம் இருக்கும்போது வள்ளித்தாயைப் பெட்டி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"எம்பேரைச் சொல்லு."

"புருசன் பேரை எவளாவது சொல்லுவாளா? உங்க ஆயுசு கொறைஞ்சிராதா?"

"சொல்லாமத்தான் கொறையுது. சொல்லுட்டி."

அவள் வாயைத் திறந்தாள். நாற்பது வருசமாக அந்தப் பேர் அவள் நாக்கில் ஏறியதில்லை. காற்றுதான் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆறு மணி. பெட்டியில் டிக்.

முற்றத்தில் நின்றார். எப்படி வந்தார், தெரியவில்லை. கதவு சாத்தியிருந்தது. தட்டினார். சத்தம் இல்லை. தன் பேரைக் கத்தினார். சத்தம் இல்லை.

ஜன்னல். உள்ளே லைட்டு. சோறு வாடை.

அவர் உட்காரும் இடத்தில் ஓர் ஆள். அவருடைய முதுகு. அவருடைய தோள்.

"இன்னுங் கொஞ்சம் மோரு ஊத்தட்டா?" என்றாள் வள்ளித்தாய்.

அது மெள்ளத் திரும்பியது. கண் இல்லை. வாய் இல்லை. நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் ஒரே தோல். அதன்மேல் சோற்றுப் பருக்கையும் மோரும் வழிந்துகொண்டிருந்தன. வள்ளித்தாய் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, பிரியமாகத் துடைத்துவிட்டு, அடுத்த கவளத்தை உருட்டி அந்தத் தோலில் வைத்து அழுத்தினாள்.